நூலுக்குச் சொந்த ஊர்

மார்ச் 3, திங்கள்

வந்துவிட்டது. இரண்டு வருடமாக இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்த வர்த்தக ஒப்பந்தம் சனிக்கிழமையிலிருந்து அமல். இனி அந்த நாட்டுத் துறைமுகத்தில் நம் ஊர்த் துண்டுக்கு வரி கிடையாது. ஆபீஸில் செய்தியை முதலில் பார்த்தது நான்தான். நின்றபடியே சத்தமாக வாசித்தேன். முதலாளி சென்னியப்பன் அண்ணன், "இன்னொருக்காப் படி அம்மிணி" என்றார். படித்தேன். "இன்னொருக்கா" என்றார். மூன்றாம் முறை குரல் கொஞ்சம் தழுதழுத்துவிட்டது. வெயிலில் வந்த தொண்டை.

நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். சரக்கு அங்கே போய் இறங்கும் வரை எழுத மாட்டேன். எனக்கு மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனாலும் எதற்கு வம்பு?

எங்கள் சமையலறைத் துண்டு நூறு ரூபாய் என்றால் அங்கே இறங்கியதும் பத்து ரூபாய் வரி விழும். பக்கத்து நாட்டுத் துண்டுக்கு வரியே இல்லை. அந்தப் பத்து ரூபாயில்தான் போன வருடம் கரூரில் பாதித் தறிகள் படுத்தன. எங்கள் தறிக் கொட்டகை வாரத்தில் இரண்டு நாள் ஓடியது. மற்ற நாட்களில் புறா ஓடியது.

சாயங்காலமே இங்ரிட் அம்மா வீடியோவில் வந்தார். பத்து வருடமாக என்னிடம் துண்டு வாங்கிக்கொண்டிருந்து, போன வருடம் பக்கத்து நாட்டுத் துண்டுக்குப் போய்விட்ட வெளிநாட்டு வியாபாரி. ஒரு முழு கன்டெய்னர் ஆர்டர். வரி இல்லாத விலை, ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பியாக வேண்டும். போனை வைத்ததும் முதலாளி சொன்னார்: "இது கைய விட்டுப் போச்சுன்னா கொட்டாயப் பூட்டிப்போடுவேன். சும்மா மெரட்டறதுக்குச் சொல்லலை." சொல்லிவிட்டு எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கேஸ் புக் பண்ணினேன். முருங்கைக்காய் ஒன்று பதினைந்து ரூபாய் சொல்கிறான். முன்பெல்லாம் நாங்கள் முருங்கைக்காய் காசு கொடுத்து வாங்கியதே கிடையாது. அது வேறு கதை.


மார்ச் 5, புதன்

ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கிற முபாரக் பாய் வந்து ஒப்பந்தத்தின் சூட்சுமத்தை விளக்கினார். வரி இல்லை என்பது எல்லாத் துண்டுக்கும் இல்லையாம். துண்டு நம் நாட்டில் பிறந்ததாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு சான்றிதழ்.

"சாதிச் சான்றிதழ் மாதிரியா பாய்?" என்று கேட்டேன்.

"அதவிடக் கஷ்டம்மா. பஞ்சு எங்கிருந்து வந்தாலும் கேக்க மாட்டான். ஆனா நூல் நம்ம நாட்டுல நூத்ததா இருக்கணும். நெய்யறதும் தைக்கறதும் இங்கதான். நூல் வெளிநாடுன்னா துண்டு வெளிநாடு. அவ்வளவுதான்."

நான் அதற்குச் சொந்த ஊர் சான்றிதழ் என்று பெயர் வைத்துவிட்டேன்.

எங்களிடம் இரண்டு நூலும் உண்டு. இன்னொரு ஒப்பந்தம் வந்தபோது வெளிநாட்டு நூல் வரியில்லாமல் வந்து இறங்கியது. கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு. அதற்கு மாறலாம் என்று சொன்னது நான்தான். கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

உடனே குடோனுக்குப் போன் போட்டேன். குடோனைப் பார்த்துக்கொள்வது உமையாள் ஆச்சி. தேவகோட்டைக்காரர். மகனுக்கு இங்கே பேங்க் உத்தியோகம், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தை மாதம்தான் எங்களிடம் சேர்ந்தார். "ஆச்சி, நம்ம ஊர் நூல் இருக்கா?" என்று கேட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் ஆச்சியின் குரல் மணி அடித்தது போல வந்தது: "நிறைஞ்சிருக்கு ஆத்தா."

அந்த நிமிடமே இங்ரிட் அம்மாவுக்கு எழுதினேன், குடோன் நிறைய நூல் இருக்கிறது, கவலைப்படாமல் கப்பல் பாருங்கள் என்று. வீட்டுக்குப் போகிற வழியில் முட்டைக் கரம் இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்றை வண்டியில் உட்கார்ந்தே தின்றுவிட்டேன். அம்மாவுக்கு ஒன்று என்றுதான் கணக்கு.


மார்ச் 6, வியாழன்

தறி மூன்று ஷிப்ட். காதில் பஞ்சு வைக்க மறந்துவிட்டேன். வைக்கவும் தோன்றவில்லை.


மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் போனேன். சைக்கிள் ஸ்டாண்டில் டிவிஎஸ் ஃபிப்டி நிறுத்த இடமில்லை. ஓசூரில் ஏதோ அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்த கருப்பண்ணன் திரும்பி வந்துவிட்டார். "அங்க கார் வந்தா கதவத் தொறக்கறதுங்க. கார் வராதப்ப கதவப் பாத்துக்கிட்டு நிக்கறதுங்க" என்றார். தறியில் கை வைத்ததும் ஆள் வேறு ஆளாகிவிட்டார். கேட் முன்னால் டீக்கடைக்காரர் வடைச்சட்டியை மாற்றிப் பெரியதாக வைத்திருக்கிறார். ஒப்பந்தத்தால் நாட்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று பேப்பரில் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சட்டியைப் பார்த்தால் போதும்.

வரும் வழியில் மளிகைக் கடையில் அந்த நாட்டுச் சாக்லேட் பாதி விலைக்குக் கிடந்தது. "வரி போயிருச்சுங்க" என்றார் கடைக்காரர். அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டே அம்மா யோசித்தார்.

"அப்ப நம்ம துண்டு அங்க போகுது, அவிங்க முட்டாயி இங்க வருது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நம்ம ஊருல முட்டாயி பண்றவன் என்ன பண்ணுவான்?"

"அவனும் நல்லாப் பண்ணணும், வெலையக் குறைக்கணும்."

"ஓ. அந்த அரவக்குறிச்சித் தம்பி நூல் மில்லு மூடுனப்பவும் நீ இதேதான் சொன்ன."

அம்மாவுக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாது.


மார்ச் 13, வியாழன்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இங்ரிட் அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பலாம் என்று குடோனுக்குப் போனேன். நூல் மூட்டை மலை போல அடுக்கியிருப்பதை அப்படியே காட்டலாம், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று. வெளிநாட்டு நூல் ஒரு பக்கம் பாதி அடுக்கு இருந்தது. மறு பக்கம் சிமெண்ட் தரை. சுத்தமாகப் பெருக்கி, மூலையில் ஒரு சின்னக் கோலம் கூடப் போட்டு வைத்திருந்தார் ஆச்சி.

"ஆச்சி, நம்ம ஊர் நூல் எங்க?"

"அதான் நிறைஞ்சிருக்குன்னு அன்னிக்கே சொன்னேனே ஆத்தா."

"நிறைஞ்ச இடத்தக் காட்டுங்க."

"இதுதான்" என்று கோலத்தைக் காட்டினார்.

எனக்குப் புரியவில்லை. ஆச்சிக்கு நான் ஏன் முழிக்கிறேன் என்று புரியவில்லை. அப்புறம் அவரே பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார்: "அரிசி தீந்துபோச்சுன்னா எங்க வீட்டுல இல்லைன்னு வாயால சொல்ல மாட்டோம் ஆத்தா. நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். இல்லைங்கற வார்த்தை வீட்டுக்குள்ள விழுந்தா லெச்சுமி வெளிய போயிருவா. நூலும் லெச்சுமிதானே?"

அன்றைக்கு நான் போன் போட்டபோது நம் ஊர் நூல் ஒரே ஒரு நாள் தறிக்குத்தான் இருந்திருக்கிறது. தீர்ந்ததும் தறிக்காரர்கள் பக்கத்து அடுக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. இரண்டும் இருபதாம் நம்பர் வெள்ளை. கம்ப்யூட்டரிலும் இரண்டுக்கும் ஒரே பெயர். அப்படிப் போட்டு வைத்தது யார் என்று இப்போது ஆராய வேண்டாம்.

ஆக, இதுவரை நெய்ததில் கிட்டத்தட்ட எல்லாமே வெளிநாட்டு நூல். துண்டு கரூரில் பிறந்து கரூரில் வளர்ந்தும் சொந்த ஊர் சான்றிதழ் கிடைக்காது.

ஆச்சியைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. என் அம்மா விளக்கை அணைப்பதில்லை, மலையேற்றுகிறார். நான் ஒரு நாட்டின் பெயரை எழுதப் பயந்துகொண்டு பத்து நாளாகச் சுற்றி வளைக்கிறேன். ஆச்சி கண்ணில் தண்ணீர். "நான் தப்பாச் சொல்லிட்டேனா ஆத்தா?" என்றார். "இல்லை ஆச்சி" என்றேன். "இல்லைன்னு சொல்லாத ஆத்தா" என்றார்.


மார்ச் 14, வெள்ளி

காலையில் முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டும் வெள்ளை. நூலுக்கு வாய் இருக்குதா அம்மிணி? நம்ம ஊர் நூல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுரலாம்."

"கையெழுத்து என்னுதுங்கண்ணா. போட மாட்டேன்."

"கொட்டாயப் பூட்டறதுக்குச் சாவி எடுத்துட்டு வரட்டுமா?"

முபாரக் பாய்தான் காப்பாற்றினார். அந்த நாட்டு அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் நூல் மில் வரைக்கும் வந்து விசாரிக்கலாமாம். ஒருவன் பொய் சொல்லி மாட்டினால், அப்புறம் கரூரிலிருந்து போகிற ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்ப்பார்களாம். "நீங்க மட்டும் முழுகுனாப் பரவால்லண்ணே. ஊரையே இழுத்துக்கிட்டுப் போவீங்க" என்றார். முதலாளி சாவிப் பேச்சை விட்டார்.

நெய்ததை ஈரோடு ஜவுளிச் சந்தையில் தள்ளிவிடலாம். நஷ்டம்தான், ஆனால் சாகிற நஷ்டம் இல்லை. புதிதாக நெய்ய நம் நாட்டு நூல் வேண்டும். நாள் பூராவும் மில் மில்லாகப் போன் போட்டேன். திண்டுக்கல், வேடசந்தூர், ராஜபாளையம். எல்லாரும் ஒரே பதில். ஒப்பந்தம் வந்த நாளிலிருந்து ஊரே உள்ளூர் நூலுக்கு அலைகிறது, இரண்டு மாதத்துக்கு முன்பதிவு முடிந்துவிட்டது, விலையும் ஏறிவிட்டது. பக்கத்துத் தெருவில் லுங்கி நெய்கிற மயிலாத்தா அக்கா வேறு வழி மறித்து, "உங்க ஒப்பந்தத்துல எனக்கு நூல் வெலைதான் ஏறுச்சு கோகிலா. எம்பட லுங்கிய எந்த வெள்ளைக்காரன் கட்டறான்?" என்றார்.

ஒரு மில்லில் மட்டும் நூல் இருக்கும். வெளிநாட்டு நூல் வந்த பிறகு விற்க முடியாமல் மூட்டையோடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற மில். அரவக்குறிச்சிப் பக்கம். முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஈஸ்வரமூர்த்தி கிட்ட நானே பேசட்டுமா?" என்றார்.

அந்த ஆள் பெயரை அவரே சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக இந்த நோட்டில் நான் எழுதாத பெயர். வெளிநாட்டு நூல் லாரி எங்கள் கேட்டில் நிற்கும்போது வந்து, எல்லார் முன்னாலும், "நூலுக்கு ஊரு இருக்குதுங்கம்மிணி. உங்களுக்கு வெலை மட்டுந்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போன ஆள். அதற்கு முன்னால் ஒவ்வொரு லோடிலும் மூட்டைக்கு மேல் ஒரு கட்டு முருங்கைக்காய் வைத்து அனுப்பிய ஆள். முருங்கைக்காய் நின்றதற்காக எனக்குக் கோபம் இல்லை. மரியாதைக்காகத்தான் கோபம்.

"நானே போறேனுங்கண்ணா" என்றேன். வியாபாரம் வியாபாரம்.


மார்ச் 15, சனி

போனேன். பச்சைப் புடவைதான் துவைத்து இருந்தது, அதனால் அதைக் கட்டினேன்.

மில்லில் வாட்ச்மேன் கூட இல்லை. அவரே வந்து கேட்டைத் திறந்தார். தலையில் முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருக்கிறது.

"வாங்கம்மிணி. வழி மறந்திருக்கும்னு நெனச்சேனுங்க."

"வழி அப்படியேதான் இருக்குதுங்க. நூல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. கேக்கறதுக்குத்தான் ஆளில்லாம இருந்துச்சு."

குடோனைத் திறந்து காட்டினார். பாதி ஆர்டருக்கு வரும். மீதியை நூற்றுத்தான் கொடுக்க வேண்டும். மிஷின்களைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பழைய வேட்டி போட்டு மூடி வைத்திருந்தார், எட்டு மாதத்தில் ஒரு தூசி இல்லை. திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து உடைத்து எடுத்துக்கொண்டு போகப்போகிறாராம். முன்பணமும் வாங்கியாயிற்றாம். இதை என்னவோ பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆச்சி, கோலம், எல்லாம் சொல்லவில்லை. நூல் தீர்ந்தது, ஒப்பந்தத்தின் விதி இப்படி, நம் நாட்டு நூல்தான் வேண்டும் என்று மட்டும். கடல் தாண்டி இருக்கிற ஒரு நாட்டுக்காரன் சட்டம் போட்டுத்தான் நான் முப்பது கிலோமீட்டர் தாண்டி இருக்கிற மில்லுக்கு வந்திருக்கிறேன். அது எனக்கே விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும். சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அப்படியே திரும்பி வந்திருப்பேன்.

"இந்தத் தடவை சரிங்க. வருசா வருசம் வாங்குவீங்களா?" என்று கேட்டார்.

"இந்த விதி இருக்கற வரைக்கும் வாங்குவேனுங்க. விதி மாறுனா, வெலை ஒத்து வந்தா வாங்குவேன்."

"ஒரு பேச்சுக்காவது ஆமான்னு சொல்லலாமில்லீங்க."

"பொய் சொல்றதா இருந்தா நான் இங்க வந்தே இருக்க வேண்டாமுங்க. காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சுது."

ஒரு மிஷின் மேல் கிடந்த வேட்டியை இழுத்து மடித்தார். அடுத்ததையும் மடித்தார். அப்புறம் என் முன்னாலேயே போனை எடுத்து, "மாமா, திங்கக்கெழம லாரி அனுப்ப வேண்டாமுங்க. அட்வான்சத் திருப்பிக் குடுத்தர்றேன்" என்றார். அந்தப் பக்கம் மாமா கத்துவது எனக்கே கேட்டது. இவர் சிரித்துக்கொண்டே காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். கொட்டகை பிழைத்ததே என்று.


மார்ச் 16, ஞாயிறு

முதல் லோடு வந்தது. மூட்டைக்கு மேல் ஒரு கட்டு முருங்கைக்காய். பில்லில் இல்லாத சரக்கு. திருப்பி அனுப்பினால் வண்டி வாடகை வீண். அம்மா சாம்பார் வைத்தார், வைக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.


மார்ச் 18, செவ்வாய்

மில் ஓடுகிறது.

நூலின் தரம் பார்க்கப் போயிருந்தேன். பூட்டிய மில்லின் பழைய ஆட்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கோழிப் பண்ணைக்குப் போனவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள். ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஒரு முனகல், அப்புறம் ஒவ்வொரு வரிசையாகச் சத்தம் ஏறி, கடைசியில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. ஓர் அம்மா மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கைதட்டினேன் போலிருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.


மார்ச் 21, வெள்ளி

தரம் பார்க்கப் போனேன். நன்றாக இருக்கிறது.


மார்ச் 22, சனி

இன்றும் போனேன். தரம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? மாதிரியை அவர்களே அனுப்புவார்களே என்று முதலாளி கேட்டார். அவருக்குத் தரம் பற்றி என்ன தெரியும்?


மார்ச் 27, வியாழன்

நெசவு முடிந்தது. தையல் பாதி. குடோனில் இரண்டு நூலுக்கும் நடுவில் கயிறு கட்டி, நம் ஊர் நூலுக்கு மஞ்சள் அட்டை தொங்கவிட்டிருக்கிறோம். ஆச்சியிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். இல்லை என்று அவர் சொல்ல வேண்டாம், நிறைஞ்சிருக்கு என்றும் சொல்ல வேண்டாம். தீர்ந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான். "நாடு நாடாப் போடுறாக. நாம ரெண்டு பேரும் போடக் கூடாதா?" என்று ஆச்சி கை கொடுத்தார்.


ஏப்ரல் 4, வெள்ளி

கன்டெய்னர் போய்விட்டது.

காலையிலிருந்து ஏற்றினோம். முதலாளி தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், கருப்பண்ணன் கதவுக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். சொந்த ஊர் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டேன். நூல்: இந்தியா. என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்து பார்த்ததே இல்லை. கதவைச் சாத்தி முத்திரை போட்டதும் தையல் பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். லாரி டிரைவர் வெட்கப்பட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஈஸ்வரமூர்த்தியும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு. லாரி திரும்பிப் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டார்:

"இன்னும் எம்மேல கோவம் இருக்குதுங்களா?"

இப்படி நேராகக் கேட்டால் என்ன சொல்வது? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எதிரில் ஆச்சி சூடத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. சொல்லிவிட்டேன்.

"நிறைஞ்சிருக்குங்க."

ஆச்சிக்குப் புரிந்துவிட்டது, தட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஈஸ்வரமூர்த்தி முகம் அப்படியே விழுந்துவிட்டது. "சரிங்க" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு ஆச்சி பாஷை தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்தான் ஆச்சி கதையை அவரிடம் சொல்லவே இல்லையே. அன்றைக்கு ஒரு வார்த்தையில் நான் விழுந்த பள்ளத்தில் இன்றைக்கு அவரைத் தள்ளிவிட்டேன்.

போன் போட்டு விளக்கலாம். என்னவென்று விளக்குவது? சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். போகட்டும்.


ஏப்ரல் 10, வியாழன்

வேறு ஒரு சின்ன ஆர்டருக்கு நூல் லோடு வந்தது. பில் சரியாக இருந்தது. பில்லில் இருந்தது மட்டும்தான் வந்தது.


ஏப்ரல் 17, வியாழன்

அம்மா முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னார். கத்தரிக்காய் வாங்கி வந்தேன்.


ஏப்ரல் 26, சனி

கப்பல் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். நீலத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று கேட்காதே. கொட்டகை இப்போதும் ஓடுகிறது. அங்கே சுங்கத்தில் சான்றிதழை ஏற்றுக்கொண்டால்தான் ஓட்டம் நிலைக்கும்.


மே 8, வியாழன்

ஏற்றுக்கொண்டார்கள்!

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இங்ரிட் அம்மாவின் மெயில். சரக்கு இறங்கிவிட்டது, வரி பூஜ்யம், துண்டு அருமை, அடுத்து மூன்று கன்டெய்னர். மூன்று. தறிக் கொட்டகைக்கு ஓடிப் போய்ச் சொன்னேன், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்று விரலைக் காட்டினேன். கருப்பண்ணன் தறியை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார். முதலாளி எனக்கு மறுபடியும் இளநீர். இந்த வருடம் இரண்டு இளநீர்.

நாட்டின் பெயரை இப்போது எழுதலாம். ஆனால் இன்னும் மூன்று கன்டெய்னர் போக வேண்டியிருக்கிறதே.

மூன்று கன்டெய்னருக்கு நூல் வேண்டும். வேறு வழியில்லாமல் மில்லுக்குப் போன் போட்டேன்.

"நூல் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். குரலை ஆபீஸ் குரலாகத்தான் வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் மிஷின் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது. அப்புறம் சொன்னார்:

"நிறைஞ்சிருக்குங்க."

"எந்த ஊர் பாஷைல சொல்றீங்க?" என்றேன்.

"தேவகோட்டை பாஷைலதானுங்க. ஒரு மூட்டை கெடையாது, இனிமேத்தான் நூக்கோணும். காலைல நூலுக்குப் பணம் விசயமா உங்க குடோனுக்குப் போன் போட்டேன். ஆச்சி எடுத்தாங்க. ஒரு மாசமா ஏனப்பு முருங்கைக்காய் அனுப்பலைன்னு வஞ்சாங்க. அந்தம்மிணிக்குத்தான் கோவம் நெறைஞ்சிருக்குதாமேன்னு சொன்னேனுங்க. ஆச்சி சிரிச்சதுல எனக்குக் காதே அடைச்சுப் போச்சு."

டப்பாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மிணி."

"சொல்லுங்க."

"நீங்க அத்தன நாள் எம்பட நூலுக்குத் தரம் பாக்க வந்தீங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி எத்தன கட்டு முருங்கைக்காய் அனுப்பியிருப்பேன். அதுல வெச்ச சாம்பார் எப்படி இருக்கும்னு ஒரு நாளும் பாத்ததில்லீங்க. ஞாயித்துக்கிழமை தரம் பாக்க வரலாங்களா? எங்கம்மாளும் வர்றேங்கறாங்க."

மூன்று கன்டெய்னர் நூலுக்கு விலை பேசத்தான் போன் போட்டேன். பேச மறந்துவிட்டேன். கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தார்.

துவரம்பருப்பு வாங்க வேண்டும்.